இரண்டாவது கரும்புள்ளி



புற்றுநோய் கண்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உடம்பில் இன்னொரு கட்டியோ கரும்புள்ளியோ தோன்றினால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "பரவிவிட்டது, இனி ஆண்டவன் விட்ட வழி" என்று ஆஸ்பத்திரிச் சீட்டைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை நாமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

தோலுக்குக் கருமை தரும் உயிரணுக்களில் பிறக்கும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும் நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கருத்த தோலினரான நமக்கு அது குறைவு. வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. முள் குத்தியது, செருப்புக் கடித்தது, சர்க்கரைப் புண் என்று நாமே பெயர் வைத்து மாதங்களைக் கழித்துவிடுகிறோம்.

என் பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். அவருடைய இடது குதிகாலில் இந்த நோய் கண்டு, பினாங்கு பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு வலது உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி. "அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கு வந்துவிட்டது. அவளை இனி அலைக்கழிக்க வேண்டாம்" என்றார் பெரியப்பா. பெரியம்மாவோ, "டாக்டர் சொல்லட்டும், அப்புறம் படுக்கிறேன்" என்று, பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்த பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னோடு பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினார்.

டாக்டரம்மா விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். மெலனோமா தோலின் மேல்படையில் தொடங்கி, வேர் விடுவது போலக் கீழே இறங்கும். எனவே புதிதாகப் பிறந்த நோயானால், வெட்டிய துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது மேல்படையிலேயே புற்றணுக்கள் தெரியும். பழைய நோய் இரத்தத்தின் வழியாகவோ நிணநீர் வழியாகவோ வந்து தங்கியதானால், கட்டி பெரும்பாலும் தோலின் அடியில் இருக்கும். மேல்படையில் ஒன்றும் இராது. பழைய தழும்பை ஒட்டியோ, அதற்கும் தொடை இடுக்கில் நெறி கட்டும் இடத்துக்கும் நடுவிலோ கட்டி வந்தாலும், ஒரே சமயத்தில் பல வந்தாலும், பரவியது என்ற சந்தேகம் வலுக்கும். ஆனாலும் பரவிய கட்டி சில சமயம் மேல்படைக்கும் ஏறி, புதியதைப் போல வேஷம் போடும். அதனால்தான் பழைய அறிக்கையோடு ஒப்பிடுகிறார்கள். தேவையானால் மரபணுச் சோதனையும் செய்கிறார்கள்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புதியதானால் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். 1970-இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் காட்டிய வழி அது. அந்த ஆழத்துக்குத் தக்கபடி அரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள். ஆழம் குறைவானால் அதோடு தீர்ந்துவிடவும் கூடும்.

பரவியதாகவே இருந்தால்? ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் இதே நோய் கண்டது. அது மூளைக்கும் நுரையீரலுக்கும் பரவி, 1981 மே 11-ஆம் தேதி முப்பத்தாறு வயதில் மறைந்தார். அன்று பரவிய மெலனோமாவுக்குச் சரியான மருந்து இல்லை. 2011 முதல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் பலிப்பதில்லை, உள்ளங்கால் வகைக்குப் பலன் சற்றுக் குறைவுதான். ஆனாலும் பரவிய பின்னும் பல்லாண்டு வாழ்வோர் உண்டு.

பெரியம்மாவின் புள்ளி புதியது என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. மேல்படையை அது தாண்டவில்லை. வெட்டி எடுத்தார்கள். பெரியப்பா சொன்னபடி வீட்டிலேயே இருந்திருந்தால் அது வேர் விட்டிருக்கும்.

ஆகவே, ஆஸ்பத்திரி தரும் அறிக்கையைப் பிறப்புப் பத்திரம் போலப் பாதுகாத்து வையுங்கள். வேலை முடிந்து கால் கழுவும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகத்தையும் பாருங்கள். கண்ணுக்கு எட்டாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பினாங்கில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. 1976-இல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை புற்றுநோய்க்கென்றே இருக்கிறது. இரண்டாவது புள்ளி எதுவென்று அங்கே உள்ளவர்கள் சொல்லட்டும். அதுவரை யாரும் வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டாம்.