விரிசல் ஓரிடம், வினை வேறிடம்

காரைக்காலில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. நாகூர் தாண்டி வாஞ்சூர் எல்லைக்குள் நுழையும் லாரிகள் பெரும்பாலும் டேங்க்கை நிரப்பாமல் போவதில்லை. அப்படி நிற்கிற வண்டிகளை நம்பித்தான் பஞ்சர் கடையும் வெல்டிங் பட்டறையும் பிழைக்கின்றன. 2009இல் கீழவாஞ்சூர் துறைமுகம் திறந்தபின் நிலக்கரி வண்டிகள் சேர்ந்தன. அதற்கு முன்பிருந்தே ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைக் கிணறுகளுக்குத் துளையிடும் ரிக் சாமான் ஏற்றிப்போகும் டிரெய்லர்கள் உண்டு. அந்த டிரெய்லர் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்குத்தான் போயிருந்தேன்.

தாழ்தள டிரெய்லர் ஒன்று, அதை இழுக்கும் முன்வண்டியைக் கழற்றிவிட்டு ஜாக்கியில் நின்றது. மேஸ்திரி அதன் கழுத்துக்கு அடியில் படுத்திருந்தார். முன்வண்டிமேல் ஏறி உட்காரும் உயரமான பகுதி, சாமான் வைக்கும் தாழ்ந்த தளத்தோடு சேரும் மூலைதான் கழுத்து. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, டீசல் துணியால் நனைத்து, கொஞ்ச நேரம் விட்டு நன்றாகத் துடைத்தார். பிறகு சாக்பீஸைப் பொடித்துப் பூசினார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு எழும்பியது. விரிசலுக்குள் இறங்கிய டீசல் வெளியே வருகிறது. ஆய்வுக்கூடத்தில் சிவப்புச் சாயம் வைத்துச் செய்கிற சோதனையும் இதேதான்.

“போன தடவை எவனோ பட்டை வச்சு அடிச்சிருக்கான் தம்பி. பட்டை முடியுற இடத்துல பாருங்க, அங்கேருந்துதான் கிளம்புது.”

சரியான கண். முறுக்கிக்கொடுக்கிற இரும்பில் ஓரிடத்தை மட்டும் கெட்டியாக்கினால், கெட்டி முடிகிற ஓரத்தில் அழுத்தம் குவியும். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணமும் மாறியிருக்கும். அதிலும் சட்டத்தின் மேல்கீழ்த் தகடுகளின் குறுக்கே அடித்த வெல்டிங், அடுத்த விரிசலுக்கு நாள் குறித்துக் கொடுத்த மாதிரி. இவர் செய்வது வேறு. விரிசல் நுனியைக் கண்டுபிடித்து அங்கே துளை போட்டு ஓட்டத்தை நிறுத்துகிறார். பள்ளம் வெட்டி நிரப்புகிறார். மேலே வைக்கும் பட்டையின் முனையைச் சாய்வாக அறுக்கிறார். முன்வண்டி சேஸில் வேலை என்றால் பையனுக்கு முதல் உத்தரவு, “பேட்டரி ஒயரக் கழட்டுனியாடா?” கழற்றாமல் வெல்டிங் வைத்தால் வண்டியின் கம்ப்யூட்டர் போய்விடலாம்.

இவ்வளவும் வைத்தியம். நோய் முன்வண்டியில் இருக்கிறது. அதன் முதுகில் கிரீஸ் அப்பிய பெரிய இரும்புத் தகடு, நடுவில் தாடை, டிரெய்லரின் இணைப்பு முளையான கிங் பின்னை அந்தத் தாடை கவ்விக்கொள்கிறது. சாதாரணத் தகடு முன்னும் பின்னும் மட்டும் ஆடும். தார் ரோட்டில் அதுவே நல்லது, உயரமான கன்டெய்னர் பக்கவாட்டில் சாயாது. ஆனால் ரிக் போகிற பாதை வயலுக்கு நடுவே கிராவல் கொட்டிப் போட்டது. ஒரு பக்கச் சக்கரம் அமுங்கியதும் முன்வண்டி முறுக்கிக்கொள்ளும். தகடு பக்கவாட்டில் அசையாததால் அந்த முறுக்கு அப்படியே கழுத்தில் ஏறும். நாலு பக்கமும் ஆடுகிற தகடு இருக்கிறது. கனத்த, விறைப்பான, தாழ்ந்த டிரெய்லருக்கென்றே செய்தது. சில மாடல்களில் பக்க ஆட்டத்தைப் பூட்டவும் முடியும். விலை கூடுதல். ஒரே முன்வண்டியில் இன்றைக்குக் கன்டெய்னர், நாளைக்கு ரிக் என்று ஓட்டுகிற முதலாளி அதை வாங்குவதில்லை. கணக்குப் பார்த்தால் நியாயம்போலத் தெரியும். வருஷத்துக்கு எத்தனை முறை கழுத்து உடைகிறது, வண்டி எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்?

தகடு உட்காரும் இடத்திலும் கோளாறு வரும். பின் அச்சுகளின் நடுவுக்குச் சற்று முன்னால் இருந்தால் பாரத்தில் கொஞ்சம் முன்சக்கரத்துக்குப் போகும். பின்னால் தள்ளிவிட்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும், சேஸின் வால் பக்கம் வளையும். பாரக் கணக்கும் மாறியிருக்கிறது: 2018 ஜூலையில் இரட்டை அச்சின் எடை வரம்பு 21 டன்னாக உயர்ந்தது. ரோட்டில் ஓடும் பழைய சேஸ்கள் அதற்கு முந்தைய கணக்கில் அடித்தவை.

கிங் பின்னை வெர்னியரில் பிடித்துப் பார்த்தார். புதிதில் 50.8 மில்லிமீட்டர். 49க்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். கிரீஸில் நிலக்கரித் தூள் கலந்தால் அரம் மாதிரி அராவும், உப்புக்காற்று வேறு. தேய்ந்த கிங் பின் தாடைக்குள் ஆடும், ஒவ்வொரு பிரேக்குக்கும் சம்மட்டி அடி விழும். “டிரைவருக்கு முதுகுல தெரியும். முதலாளிட்ட சொன்னா, ஓட்டத் தெரியலம்பாரு” என்றார் வண்டியோடு வந்த டிரைவர் அண்ணன்.

காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில், திருவேட்டக்குடியில் புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது, மெக்கானிக்கல் துறையோடு. அங்கிருந்து மாணவர்கள் மாதம் ஒருமுறை விரிசல் காணும் மீயொலிக் கருவியோடு வாஞ்சூர் பக்கம் வந்தால் இந்தப் பட்டறைகளுக்குப் பெரிய உதவி. மேஸ்திரியிடம் அவர்கள் கற்றுக்கொள்வதற்கும் நிறைய இருக்கிறது. பொறுப்பில் உள்ளவர்கள் யோசிக்கலாம்.