வந்து வந்து மறையும் பழுது



நம் சபை வேனைக் குறித்து உங்களில் பலர் என்னிடம் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். அது சரியாகிவிட்டது. அது எப்படிச் சரியாயிற்று என்பதை இந்த வாரம் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பழுது பார்த்த விதத்தில், நம் வீடுகளுக்கும் சபைக்கும் வேண்டிய ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மழையில் வேன் இரண்டு நாட்கள் தண்ணீரில் நின்றது. வடிந்தபின் துடைத்து உலர்த்தினோம், ஓடியது. தொல்லை தொடங்கியது அடுத்த கோடையில். கடலூர் சாலையில் இரவு வேளையில் போய்க்கொண்டிருக்கும்போதே முகப்பு விளக்குகள் மங்கும். ஹாரன் முனகும். இடதுபுற இண்டிகேட்டரைப் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து துடிக்கும். சில நிமிடங்களில் எல்லாம் தானாகவே சரியாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் முடிந்து இரவில் திரும்பும் ஒரு தாயார் அந்த வேனில்தான் வருகிறார் என்பதை அறிந்தவர்களுக்கு, இது எவ்வளவு கவலைக்குரியது என்பது புரியும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் வேன் ஒழுங்காக இருக்கும். அங்கே பேட்டரியை அளந்தார்கள், 12.6 வோல்ட் காட்டியது. ஆனாலும் பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த முறை ஆல்டர்னேட்டர். அதற்கடுத்து விளக்குகளின் சுவிட்ச். காணிக்கைப் பணத்தில் ஏறக்குறைய 14,000 ரூபாய் செலவாயிற்று. பழுது போகவில்லை. இதற்கிடையே ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டு முறை சிக்கி, வண்டி குலுங்கியது. பொருளை மாற்றிப் பயனில்லாதபோது மனிதர் ஆளை மாற்ற நினைப்பார்கள் அல்லவா? ஓட்டுகிற தம்பிக்கு வண்டியைக் கையாளத் தெரியவில்லை, வேறு ஓட்டுநரைப் பார்க்கலாம் என்று குழுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பதினொரு ஆண்டுகளாக நம்மைச் சுமந்து சென்ற சகோதரர் அவர். அந்த முடிவை ஒரு மாதம் தள்ளிவைத்தோம்.

அந்த மாதத்தில்தான் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். அவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. "வராத நேரத்துல தேடினா கிடைக்காதுங்க ஐயா. அது எப்ப வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்" என்றார். நம் தம்பியின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, விளக்கு மங்கும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், இடம், அப்போது என்னென்ன சுவிட்ச் போட்டிருந்தது, மழையா வெயிலா என்று எழுதச் சொன்னார். மூன்று வாரத்தில் 14 பதிவுகள். அவற்றில் 12 இரவு நேரத்தவை. முகப்பு விளக்கோடு வைப்பரோ உள்ளே இருக்கும் விசிறியோ ஓடிக்கொண்டிருந்தவை. பெரும்பாலும் வேகத்தடையில் ஏறி இறங்கிய பின் நேர்ந்தவை. ஆனால் செல்ஃப் ஒரு முறைகூடத் தவறவில்லை.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பெரியவர் சிரித்தார். வண்டியின் எந்த விளக்கைவிடவும் பல மடங்கு மின்சாரம் கேட்பது செல்ஃப் மோட்டார். அது தடையின்றிச் சுழல்கிறதென்றால் பேட்டரியும், பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த வயர்களும் நலமாயிருக்கின்றன என்று பொருள். எனவே பழுது பாடிக்குச் சேர்ந்த பகுதியில்தான் இருக்கவேண்டும்.

வாகனத்தில் மின்சாரம் எப்படிப் பயணிக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். விளக்குக்குப் போகும் வழிக்கு வயர் உண்டு. திரும்பி வரும் வழிக்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடலே வழியாகிறது. அந்த உடலை எஞ்சினோடும் பேட்டரியின் மைனஸ் முனையோடும் சேர்ப்பவை ஓரிரண்டு எர்த் இணைப்புகள்தான். நம் வேனில் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருந்தது. புயல் நீரும் நம் கிழக்குக் கடலின் உப்புக் காற்றும் அதைப் பல மாதங்களாக அரித்துவிட்டிருந்தன.

பெரியவர் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார். மறு முனை எஞ்சினைத் தொட்டபோது 0.1 வோல்ட்கூட இல்லை. பாடித் தகட்டைத் தொட்டபோது 2.4 வோல்ட். விளக்குக்குச் சேரவேண்டிய மின்னழுத்தம் திரும்பும் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. பட்டையைக் கழற்றினால், உள்ளிழைகள் பெரும்பாலும் பச்சைக் களிம்பாக உதிர்ந்தன. மீந்திருந்தவை சில இழைகள். குலுங்கும்போது அவையும் விலகும், பிறகு சேரும்.

முதல் பட்டறையில் ஏன் 12.6 வோல்ட் காட்டியது? விளக்குகள் அணைந்திருக்கையில் அந்த வழியில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் தடை தன்னைக் காட்டாது. 1827-இல் ஜெர்மானியரான கியோர்க் ஓம் வெளியிட்ட விதி இது: இழக்கும் மின்னழுத்தம் என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கியது. 55 வாட் விளக்குகள் இரண்டு எரியும்போது, ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே இரண்டு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சுமை ஏறும்போதுதான் இற்றுப்போன இழை வெளிப்படுகிறது.

ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கியதற்கும் விடை கிடைத்தது. தன் வழி அடைபட்ட மின்சாரம் வேறு வழி தேடும். பாடியையும் எஞ்சினையும் இணைத்திருந்த மற்றோர் உலோகம் அந்தக் கேபிள்தான். தனக்கு உரியதல்லாத பாரத்தைச் சுமந்து அது சூடேறி, அதன் உள்ளுறை இளகிப்போயிருந்தது. தம்பியின் கால்மேல் சுமத்தப்பட்ட குற்றம் அந்தப் பட்டையினுடையது. புதுப் பட்டையும் கேபிளும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்போர், வாகன மின்கருவிகள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிறுவனரை 'இருளின் பிரபு' என்று கேலி செய்வது நெடுநாள் வழக்கம். அதே லூகாஸோடு சேர்ந்துதான் 1961-இல் சென்னையில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது. ஆனால் பழைய வண்டிகளில் விளக்கு மங்குவதற்குத் துருப்பிடித்த எர்த் இணைப்பே காரணமாக இருப்பது உண்டு என்பதைப் பழுது பார்ப்பவர்கள் அறிவார்கள். இருட்டில் நிற்பவருக்கு ஒரு பெயரைச் சொல்லித் திட்டுவது எளிது. குனிந்து பட்டையைப் பார்ப்பது கடினம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி வந்து வந்து மறையும் பழுது இருக்கிறதா? நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் கணவர் திடீரென்று சீறுகிறார். மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் இருக்கிறார். படிக்கிற பிள்ளை சில நாட்களில் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான். ஆராதனைக்கு ஒழுங்காய் வந்த சகோதரி இரண்டு மாதம் காணவில்லை, பிறகு வருகிறார். "அவர் குணமே அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். அது அளந்து பார்க்காமலே பேட்டரியை மாற்றுவதற்குச் சமம். எப்போது நேர்கிறது? சம்பளத்துக்கு முந்தின வாரத்திலா, தேர்வுக்கு முன்னா, யாருடைய நினைவு நாளை ஒட்டியா? அன்று அவர் தோளில் என்னென்ன சுமை இருந்தது? பிள்ளைமேல் விழும் கோபம், வேறெங்கோ போகவேண்டிய வழி அடைபட்டதால் வந்ததாக இருக்கலாம். அவர் தன் பாரத்தை இறக்கிவைக்க ஒரு செவி இருக்கிறதா என்றும் பாருங்கள். கொடுப்பதைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறோம்; திரும்பும் வழியை மறந்துவிடுகிறோம்.

நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தின் கிதியோனை நாம் சந்தேகப்பட்டவர் என்றே நினைவுகூருகிறோம். அவர் செய்ததைக் கவனியுங்கள். முதல் இரவில் ஆட்டுத்தோல் நனைந்தது, தரை காய்ந்திருந்தது. ரோமம் இயல்பாகவே பனியைப் பிடித்துவைக்கக்கூடும். ஆகவே மறு இரவில் அதே தோல், அதே களம். எதிர்பார்ப்பை மட்டும் தலைகீழாக மாற்றிக் கேட்டார். கர்த்தர் கோபிக்கவில்லை, பொறுமையாகப் பதிலளித்தார். உபாகமம் 19-ஆம் அதிகாரமோ, ஒருவன்மேல் சாட்சி சொல்லப்பட்டால் நியாயாதிபதிகள் முதலில் கருத்தாய் ஆராயவேண்டும் என்கிறது. ஆராய்வது அவிசுவாசம் ஆகாது. அயலானுக்கு நாம் செய்யவேண்டிய நீதி அது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஓட்டுநரை மாற்றும் பேச்சு எழவில்லை. எழாமல் இருப்பது மட்டும் போதாது என்றேன். குற்றம் கூட்டத்தில் பேசப்பட்டது. ஆகவே அது நீங்கியதும் கூட்டத்தில் சொல்லப்படவேண்டும். தம்பியை அழைத்து, அவருடைய நோட்டை எல்லோர் முன்பாகவும் வாசித்தோம். அவர் அதிகம் பேசவில்லை. "தாயாரை இனிப் பயமில்லாமக் கூட்டிட்டு வரலாம் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பழைய வாகனம் வைத்திருப்போர் வடகிழக்குப் பருவமழைக்கு முன் எர்த் இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவிவையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் எடுங்கள். இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் ஒருவரைத் தீர்ப்பதற்கு முன், ஒரு நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் உள்ளத்தின் மறைவான இணைப்புகளை அறிந்த கர்த்தாவே, சுமை ஏறும்போது எங்களில் எது இற்றுப்போகிறது என்பதை எங்களுக்குக் காட்டும். பிறரைத் தீர்க்குமுன் ஆராயும் பொறுமையையும், காரணமின்றிக் குற்றம் சுமந்தவர்களை வெளிப்படையாய் விடுவிக்கும் துணிவையும் தாரும். ஆமென்.