டீசல் குழாயில் காற்று

2022 மே இறுதி. சாதாரண தரப் பரீட்சைக் காலம். இராகலைப் பனியில் மாணவரை ஏற்றிய பழைய டீசல் வான் முனகியதேயன்றி இயங்கவில்லை. மின்கலத்தில் குறையில்லை; முதல்நாள் வரிசையில் நின்று பெற்ற டீசலும் தாங்கியில் இருந்தது. அதற்குமுன் தாங்கி வற்றியபோது குழாயில் புகுந்த காற்றே காரணம் என்றார் சாரதி. நாட்டின் அந்நியச் செலாவணி வற்ற, மலையகத்து வானின் குழாயில் காற்று நிரம்பியது! டீசல் எளிதில் ஒடுங்காது. பம்பின் அழுத்தத்தைக் கொண்டுசென்று இன்ஜெக்டரைத் திறக்கும். காற்றோ தான் ஒடுங்கி அவ்வழுத்தத்தை விழுங்கிவிடும். வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அவர் அமுக்க அமுக்க நுரை வெளிவந்தது. எட்டாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போனவர் அவர். தமிழ்ப் பட்டதாரியாகிய நாம் கைவிளக்குப் பிடித்து நின்றோம். நுரையின்றி டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினார். வான் புகை கக்கி எழுந்தது. பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துள் நுழைந்ததும், அவர் மறுபடியும் எரிபொருள் வரிசைக்குத் திரும்பினார்.