கேட்பதற்கு ஒருவர்

“முன்பெல்லாம் நிறையப் படிப்பேன், இப்போது ஒரு நூலை எடுத்தால் இரண்டு பக்கங்களுக்கு மேல் ஓடவில்லை” என்று கூறும் மாணவ மாணவியரை நாம் அடிக்கடி காண்கிறோம். பெற்றோர் உடனே கைப்பேசியின் மீது பழியைச் சுமத்துகின்றனர். கைப்பேசிக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் கைப்பேசி என்ற சொல்லே தமிழில் பிறவாத 1982ஆம் ஆண்டில் இதே நோய் நம்மையும் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நம்மை விட்டு அகலவும் மறுத்தது. அது வந்த வழியையும் போன வழியையும் எழுதினால், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

நம் தந்தையார் திண்டுக்கல்லில் தையற்கடை வைத்திருந்தார். இரண்டு தையல் இயந்திரங்கள், துணி வெட்டும் மேசை, அதன் அடியில் ஒரு மரப்பெட்டி, இவ்வளவே கடை. அந்தப் பெட்டிதான் நம் முதல் நூலகம். வார இதழ்களில் வெளிவரும் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தந்தையாரே ஊசியும் நூலும் கொண்டு தைத்து அட்டை போட்டு வைப்பார். தையற்காரர் தைத்த புத்தகம் ஆதலால் பக்கம் கழன்றதாக வரலாறே இல்லை. கதையின் நடுவே பல்பொடி விளம்பரம் வரும், துணுக்கு வரும். இரவல் வாங்கிச் சென்றவர் திருப்பித் தராத ஓர் இதழினால் பதினேழாம் அத்தியாயம் இராது. அதில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாமே இட்டுக்கட்டிக்கொண்டு பதினெட்டாம் அத்தியாயத்துக்குப் போவோம். கதை புனையும் கலையை எவரேனும் நமக்குக் கற்பித்தார்கள் என்றால், அந்த இரவல்காரரைத்தான் குறிப்பிட வேண்டும்.

பள்ளி விட்டு வந்ததும் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது நம் வேலை. மூன்று சட்டைகளை முடித்தால் மேசைக்கு அடியில் அமர்ந்து விளக்கு வைக்கும் வரை படிக்கலாம் என்பது தந்தையாரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். கடையின் அளவுக் குறிப்பேட்டில் முன்பக்கங்கள் ஊராரின் மார்பளவுக்கும் கையளவுக்கும் உரியவை. பின்பக்கங்கள் நமக்கு உரியவை. படித்து முடித்த நூலின் பெயரை அங்கே எழுதி வைப்போம். பள்ளிப்படிப்பு முடிவதற்குள் இருநூறு பெயர்களுக்கு மேல் சேர்ந்திருந்தன.

பள்ளியில் நாம் பயின்றது தமிழ் வழியில். மேனிலைக் கல்வி தமிழகத்தில் 1978இல் தொடங்கிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில் பயின்று, 1981இல் கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் சேர்ந்தோம். அங்கே பாடநூல் முதல் கரும்பலகை வரை யாவும் ஆங்கிலம். விசை, முடுக்கம், உந்தம், திசைவேகம் என்று நாம் நெருங்கிப் பழகியிருந்தவர்கள் எல்லாம் வேற்றுடை உடுத்து வந்து நின்றார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். கடந்த பின் திரும்பிப் பார்த்தால் சொற்கள் தெரிந்திருக்கும், வாக்கியம் தெரிந்திராது. தமிழ் வழியிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்கள் பலரும் இத்துன்பத்தை அறிவர்.

வியப்பு என்னவெனில், அந்தத் தடை ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. சில மாதங்களில் தமிழ் நூல்களும் நமக்கு அயலாகிவிட்டன. மரப்பெட்டியைத் திறந்து பழைய தொடர்கதை ஒன்றை எடுப்போம். கண் வரியின் மேல் ஓடும். மனமோ தன்னைத் தானே கண்காணித்துக்கொண்டிருக்கும். எத்தனை பக்கம் ஆயிற்று? விளங்குகிறதா? இதிலிருந்து என்ன வினா வரும்? ஒரு மொழியில் பழகிய அச்சம் மற்றொரு மொழிக்கும் குடிபெயர்ந்துவிட்டது. அளவுக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் கடைசியாக எழுதிய பெயருக்குக் கீழே வெற்றிடம் அப்படியே நின்றது.

அறிவுரைகளுக்குக் குறைவில்லை. நாள்தோறும் இருபது பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள் என்றார் ஒருவர். தரமான நூல்களை மட்டுமே தொடு, தொடர்கதைகளைத் தூக்கி எறி என்றார் மற்றொருவர். கணக்கு வைத்தோம், அதுவும் ஒரு தேர்வாயிற்று. தரமான நூல்களை அடுக்கினோம். அவை அடுக்கியபடியே இருந்தன. இவ்விரு அறிவுரைகளையும் இன்றும் மாணவர்களுக்கு வழங்குகிறார்கள். நடக்க மாட்டாதவனுக்கு மலையேற்றத்தைப் பரிந்துரைப்பது போன்றவை இவை என்பது நம் கருத்து.

அவ்வாண்டின் இறுதியில் தந்தையாருக்கு ஊசியில் நூல் கோக்க இயலாமற் போயிற்று. முதலில் விளக்கைக் குறை கூறினார். பிறகு நூலைக் குறை கூறினார். மருத்துவர் பார்த்துவிட்டு, இரு கண்களிலும் புரை வளர்ந்திருக்கிறது, முற்றிய பின்தான் எடுக்க வேண்டும் என்றார். அக்காலத்து வழக்கம் அது. கண்ணுக்குள் வில்லை பொருத்தும் முறை நம்மவரிடையே பரவியிராத காலம். மதுரையில் அத்தகைய வில்லைகளைச் செய்யும் அரோலேப் நிறுவனம் தோன்றியதே 1992இல்தான். ஆகவே பார்வை மேலும் மங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. கூலிக்கு ஒருவரை அமர்த்தித் துணி வெட்டச் செய்து, தந்தையார் பலகையில் சாய்ந்தபடி கத்தரிக்கோலின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஓசையைக் கொண்டே, “கழுத்தை ஆழமாக இறக்கிவிட்டாய்” என்று கண்டிப்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

ஒருநாள் இரவு, “தம்பி, பெட்டியிலிருந்து எதையாவது எடுத்து வாசியேன். எழுத்தைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று” என்றார். நமக்கு வாசிக்கும் விருப்பம் சிறிதும் இல்லை. ஆனால் கேட்டவர் யார்? அந்தப் பெட்டியையே தைத்து நிரப்பியவர். கைக்கு வந்த கட்டை எடுத்து வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினோம்.

நான்காம் பக்கத்தில் தொண்டை வறண்டது. விளம்பரத்தைத் தாண்டிப் போனால், “அதையும் வாசி” என்பார். பல்பொடியின் பழைய விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். விரைந்து வாசித்தால், “யார் துரத்துகிறார்கள்?” என்று வினவுவார். ஏழெட்டு நாள்கள் சென்ற பின்னரே ஒன்றை உணர்ந்தோம்: வாசிக்கும் பொழுதில் மனம் தன்னைக் கண்காணிப்பதை நிறுத்தியிருந்தது. நாவுக்கு வேலை இருந்தது. செவிக்கு வேலை இருந்தது. எதிரே ஒருவர் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். எத்தனை பக்கம் ஆயிற்று என்று எண்ண எவருக்கும் நேரமில்லை. மெதுவாக வாசிப்பது அங்கே குறையாகவும் தோன்றவில்லை, அதுவே வேண்டப்பட்டது.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. வாய்விட்டு வாசித்து, ஓசையைக் கொண்டே சொல்லைப் பிரித்தறிய வேண்டும். கல்வி கற்பதையே ‘பாடம் கேட்டல்’ என்றனர். வள்ளுவரும் கல்வியையும் கல்லாமையையும் அடுத்துக் கேள்வியை ஓர் அதிகாரமாக வைத்தார். மேனாட்டிலும் நான்காம் நூற்றாண்டில், மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார் வாய் திறவாமல் கண்களால் மட்டும் படித்ததைப் புனித அகுஸ்தினார் வியப்போடு எழுதி வைத்திருக்கிறார்.

பெட்டி தீர்ந்ததும் கிளை நூலகத்துக்குச் சென்றோம். 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்தால் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுவதைத் தந்தையார் அறிவார். ஆதலால், “நம் காசில் வாங்கிய புத்தகந்தானே, நல்லதாகப் பார்த்து எடு” என்று சொல்லி அனுப்புவார். முதலில் வந்தது வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் ஆற்றைக் கடந்த பின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஓர் ஆள் குறைகிறதென்று அழுகிற இடத்தில், தந்தையார் புரை படர்ந்த கண்களில் நீர் வரச் சிரித்தார். அடுத்த தெருவிலிருந்தும் இருவர் கேட்க வந்தனர்.

பிறகு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ வந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த நூல் அது. இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று போயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதிகளைத் தந்தையார் இருமுறை வாசிக்கச் சொன்னார். தொழில் கற்பதென்றால் அப்படி உடனிருந்து கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் நம்மை நிறுத்திய இடம் வேறு. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியராய் இருந்த ஐயர், சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார். முதலியாரோ அவற்றுக்கு அசையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்கிறார். ஐயர் படித்ததில்லை. ஏட்டைப் பெற்று வந்து பார்த்தால் பல இடங்கள் விளங்கவில்லை. அவர் ஊரில் வாழ்ந்த சமணரின் இல்லங்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்லக் கேட்டுத் தெளிவு பெறுகிறார். நூலை அச்சிட்டு வெளியிட 1887ஆம் ஆண்டு ஆயிற்று.

தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வாத்தியாருக்கே ஒரு புத்தகம் பிடிபடவில்லை, பார்த்தாயா!” என்று கூறிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நம் கல்லூரித் தொல்லை எதையும் அவரிடம் நாம் சொன்னதில்லை. அவர் அறிந்து சொன்னாரா என்பது இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் இயற்பியல் நூலையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தோம். விளங்காத இடத்தில் கோடிட்டு, ஆங்கில வழியில் பயின்று வந்த வகுப்புத் தோழர் ஒருவரிடம் கேட்டோம். அவர் ஆங்கிலத்தைச் சொல்ல, நாம் கருத்தைச் சொல்ல, இருவருக்கும் ஆதாயம். தந்தையாரோ பக்கத்தில் படுத்துக் கேட்டுவிட்டு, “இதில் ஆளே வரமாட்டேன் என்கிறானே” என்று குறைப்பட்டார்.

படிக்க இயலாமற்போன மாணவர் யாவருக்கும் இதுவே மருந்து என்று நாம் கூறவில்லை. தலைவலியோடு எழுத்துக் கலங்கினால் முதலில் கண்ணைக் காட்ட வேண்டும். மனத்துயர் நீண்டு, உணவும் உறக்கமும் கெட்டிருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். ஆனால் தேர்வுக்காகவே படித்துப் படித்துச் சலித்த பிள்ளைக்கு, வீட்டில் மாலை வேளையில் கால் மணி நேரம் கேட்பதற்கு ஒருவர் அமர்ந்தால் போதும். கேட்பவர் வினா எழுப்பலாகாது; உச்சரிப்பைத் திருத்தலாகாது. பாட்டியர் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். தம்பி தங்கையர் தூங்கிவிடுவார்கள்; அதனாலும் கேடில்லை.

கோடையில் தந்தையாருக்குப் புரை எடுத்தார்கள். சில நாள்கள் கண்கட்டு, குனியக் கூடாது, இருமக் கூடாது என்னும் கட்டுப்பாடுகள். ஆறு வாரங்களுக்குப் பின் சோடாப்புட்டியின் அடிப்பகுதி போன்ற தடித்த கண்ணாடி வந்தது. அதனை அணிந்ததும் முதலில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். அன்றிரவே ‘என் சரித்திரம்’ அவர் கைக்குப் போய்விட்டது. இருந்தது ஒரே படி. நாம் விட்ட இடத்துக்கு அப்பால் அவர் தாமாகவே வாசித்துச் சென்றார். நாம் அவர் உறங்கும் வரை காத்திருந்து, விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தோம். யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதில் இரண்டொரு முறை வழக்கும் மூண்டது.

அந்நூல் முற்றுப்பெறாதது. 1942இல் ஐயர் மறைந்ததனால் இடையிலேயே நிற்கிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிய தந்தையார், பைண்டு செய்தவர் மீது ஐயங்கொண்டு அட்டையைப் பிரித்து ஆராய்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்றார். எஞ்சிய வாழ்வை ஐயரின் மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் எழுதியிருக்கிறார் என்று எங்கோ கேள்வியுற்றிருந்தோம். மறுநாள் கல்லூரி விட்டதும் வீடு திரும்பாமல், மழை தூறிக்கொண்டிருந்தபோதே நூலகத்தை நோக்கி நடந்தோம்.