கப்பல் ஒரு பகல் நிக்கிற ஊர்ல தனியாப் போய் முங்கிட்டு வர்றது எப்படி?

1)
கப்பல் காலையில ஒரு துறைமுகத்துல நிக்கும். சாயங்காலம் கிளம்பிடும். நடுவுல இருக்கிற அஞ்சாறு மணி நேரம் உங்களோடது. கப்பல்காரங்க ஏற்பாடு செய்யுற சுற்றுலாவுல சேராம, ஆட்டோ பிடிச்சு நாமே போய் ஒரு ஊத்துல குளிச்சிட்டு வந்தா என்ன? தாராளமாப் போகலாம். எப்படித் திட்டம் போடணும்னு ஒரு டாக்டரா இந்த இழையில சொல்றேன்.

2)
ராயகிரியில உக்காந்துட்டு கப்பலைப் பத்தி ஏன் பேசுறேன்னு கேப்பீங்க. 2023 ஜூன்ல சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட்டாங்க. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு மூணு இடத்துல அது நின்னுச்சு. எங்கிட்ட சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குற ஒரு ரிட்டயர்டு வாத்தியார், வீட்டம்மாவோட அதுல போக டிக்கெட் போட்டுட்டு, "டாக்டர், நான் போகலாமா?"ன்னு கேட்டார். 68 வயசு.

3)
அவர் போக நினைச்சது கீரிமலைக்கு. அவரோட அப்பா வாலிப வயசுல யாழ்ப்பாணத்துல ஒரு துணிக்கடையில கணக்கு எழுதினவர். நாம பாபநாசத்துல முங்குற மாதிரி, அங்க ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில முங்குவாங்க. இன்னொரு தடவை அங்க போகணும்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாராம். 1990-ல போரால அந்தப் பக்கத்து ஜனங்களே ஊரை விட்டு வெளியேறினாங்க. பல வருஷம் அது ராணுவத்தோட உயர் பாதுகாப்பு வலயம். அப்பாவுக்கு வாய்க்கல. மகனுக்கு ஒரு பகல் கிடைச்சிருக்கு. "போகாதீங்க சார்"னு எப்படிச் சொல்றது?

4)
முதல்ல அந்தத் தண்ணியைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. யாழ்ப்பாணத்துல வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. ஊரே சுண்ணாம்புக் கல்லு மேல இருக்கு. மழைத்தண்ணி அந்தக் கல்லைக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சு, உள்ளே குடைவும் குகையுமா ஆக்கிடும். அதுல தேங்குற நல்ல தண்ணி, கீழே இருக்கிற உப்புத் தண்ணி மேல மிதக்கும். குகையோட கூரை இடிஞ்சு விழுந்தா அது நிலாவரைக் கிணறு. பூமிக்கடியில ஓடிவந்து கடலுக்குப் பக்கத்துலயே ஊத்தாக் கிளம்பினா அது கீரிமலைக் கேணி.

5)
நம்ம ஊர் தோட்டத்துக் கிணத்துல நீச்சல் பழகினவங்க கவனிங்க. நம்ம கிணறு கரும்பாறையில வெடி வச்சு வெட்டினது. சுவர் எது, தரை எதுன்னு தெரியும். சுண்ணாம்புக் கல்லுல அப்படி இல்ல. பக்கவாட்டுல குடைவு இருக்கலாம், தண்ணிக்குள்ள கல்லு துருத்திட்டு இருக்கலாம். அதனால தலைகீழா டைவ் அடிக்காதீங்க. கழுத்தெலும்பு முறிஞ்சா கையும் காலும் வாழ்நாள் முழுக்கச் செயலிழந்து போகலாம். படி வழியா இறங்குங்க. தண்ணிக்குள்ள இருக்கிற குடைவுக்குள்ள தலையை விடவே விடாதீங்க.

6)
"நான் நல்லா மூச்சுப் பிடிப்பேன் டாக்டர்"னு சொல்ற இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சு விடணும்னு நமக்குத் தோணுறது முக்கியமா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுறதால. முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விட்டா அந்த வாயு குறைஞ்சிடும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் எச்சரிக்கை வராது. நல்லா நீச்சல் தெரிஞ்சவனே தண்ணிக்கு அடியில சத்தமில்லாம மயங்கிடுவான்.

7)
இனி நேரக் கணக்கு. வாத்தியார் எழுதிட்டு வந்த பட்டியல்ல கீரிமலை, நிலாவரை, நல்லூர் கோயில், யாழ்ப்பாண நூலகம், காரைநகர் கடற்கரைன்னு அஞ்சு இடம் இருந்துச்சு. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கே கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். சில துறைமுகங்கள்ல கப்பல் தள்ளி நின்னு படகுலதான் கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. அஞ்சு இடத்துக்கு ஓடினா முதல்ல தவறுறது மதியச் சாப்பாடு, அடுத்தது மாத்திரை. அவசர அவசரமாத் தண்ணியில இறங்குறதுதான் எனக்குப் பெரிய பயம்.

8)
கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க. உதாரணமா, எல்லாரும் 4 மணிக்குக் கப்பல்ல இருக்கணும்னு சொல்லியிருந்தா, 2.30-க்கு நீங்க துறைமுக வாசல்ல. அப்போ 2 மணிக்கு ஆட்டோவுல. 12.30-க்குத் தண்ணியை விட்டு வெளிய. நடுவுல இருக்கிற ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும், எதிர்பாராம ஏதாவது நடந்தா அதுக்கும். அதை வேற இடம் பார்க்கச் செலவழிக்காதீங்க. கப்பல் ஏற்பாட்டுல போனவங்க வண்டி லேட்டானா கப்பல் காத்திருக்கும். தனியாப் போன உங்களுக்காக நிக்காது.

9)
காங்கேசன்துறையிலிருந்து கீரிமலை சில கிலோமீட்டர்தான். ஆட்டோவைப் போக வரப் பேசி, வாடகையை முன்கூட்டியே முடிவு பண்ணி, அங்கேயே நிக்கச் சொல்லிடுங்க. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தை மாத்த வேண்டாம். இறங்குறதுக்கு என்ன அனுமதி வேணும், பாஸ்போர்ட் யார் கையில இருக்கும்னு கப்பல்ல முதல் நாளே கேளுங்க. பாஸ்போர்ட் நகலும் ரெண்டு நாள் மாத்திரையும் கைப்பையில இருக்கட்டும். ஒருவேளை கப்பலை விட்டுட்டா, பக்கத்துல பலாலி விமான நிலையம் இருக்கு. மாத்திரை கப்பலோட போயிடக் கூடாது.

10)
பட்டியல்ல நான் முக்கியமா மாத்தச் சொன்னது வேற. கீரிமலையில ஆம்பளைக்குத் தனிக் கேணி, பொம்பளைக்குத் தனிக் கேணி. "வீட்டுக்காரி பார்த்துக்குவா"ன்னு இவரும், "அவர் இருக்கார்"னு அந்த அம்மாவும் நினைச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே முடியாது! இவர் சாப்பிடுறது கிளிமிபிரைடு. அதைப் போட்டுட்டு, சரியாச் சாப்பிடாம, வெயில்ல நடந்து, தண்ணியில கை கால் அசைச்சா சுகர் திடீர்னு இறங்கலாம். தண்ணிக்குள்ள வேர்த்தாலும் தெரியாது.

11)
அதனால மூணு விஷயம் எழுதிக் கொடுத்தேன். காலைச் சாப்பாடு முழுசா. ஆளுக்கொரு பொட்டலம் குளுக்கோஸ், தனித்தனியா, ஈரம் படாம. இறங்குறதுக்கு முன்னாடி, படியில இருக்கிற ஒருத்தர்கிட்ட வெக்கப்படாம "எனக்குச் சுகர் இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லணும். பாதத்துல மரமரப்பு இருக்கிறதால படி வரைக்கும் வார் வச்ச செருப்பு. குளிச்சதும் உள்ளங்காலைத் தடவிப் பார்க்கணும். சுண்ணாம்புக் கல்லு கிழிச்சாலும் அவருக்கு வலிக்காது.

12)
ஊர் திரும்பி வந்து அவர் சொன்னது இது. கேணியில ஒரு தம்பிகிட்டச் சொல்லியிருக்கார். "பயப்பிடாதேங்கோ ஐயா, நான் இதிலதான் நிக்கிறன்"னு அந்தத் தம்பி படியிலேயே உக்காந்துட்டானாம். அப்பா பேரைச் சொல்லி மூணாவது முங்கு போட்டு எழுந்தப்ப கை நடுங்கியிருக்கு, கண்ணு இருட்டியிருக்கு. அவன் கையைப் பிடிச்சு மேல ஏத்தி, பொட்டலத்தைப் பிரிச்சுக் கொடுத்திருக்கான். கால் மணி நேரத்துல சரியாகி, அப்புறம் சோறு சாப்பிட்டு, ஆட்டோ ஏறினப்ப மணி 1.50. அதுக்குப் பேர்தான் மிச்சம் வச்ச நேரம். நிலாவரையைப் பார்க்கலைன்னு அவருக்கு இன்னும் குறைதான்.

13)
சுகர் இறங்குற அறிகுறி தெரிஞ்சா, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுங்க. 15 நிமிஷத்துல சரியாகலைன்னா திரும்பவும் கொடுங்க. அப்புறம் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க. வலிப்பு நோய் இருக்கிறவங்க, காதுல சவ்வு ஓட்டை இருக்கிறவங்க, ஆறாத புண் இருக்கிறவங்க உங்க டாக்டரைக் கேக்காம முங்காதீங்க. சாராயம் குடிச்சிட்டு யாரும் இறங்க வேண்டாம்.

14)
யாராவது மூழ்கினா உடனே குதிக்காதீங்க, வேட்டியோ சேலையோ கயிறோ வீசுங்க. வெளிய எடுத்தவரைத் தலைகீழாச் சுத்துறது, வயித்தை அமுக்குறது ரெண்டும் வேண்டாம். மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுங்க. அப்புறம் நெஞ்சுல 30 அழுத்தம், 2 மூச்சுன்னு தொடருங்க. இன்னொருத்தர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடட்டும். இலங்கையில அந்த இலவச நம்பர் 1990. நம்ம நாட்டு நிதியுதவியோட தொடங்கின சேவை, 2018-லிருந்து வடக்கு மாகாணத்துலயும் ஓடுது. பக்கத்துலயே தெல்லிப்பழை ஆதார மருத்துவமனையும் இருக்கு.

15)
உலகத்துல 2021-ல மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. பயமுறுத்த இதைச் சொல்லல. உங்க அப்பா, அம்மா கப்பலுக்கோ குற்றாலத்துக்கோ கிளம்பினா, அவங்க மாத்திரைச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. கிளிமிபிரைடோ இன்சுலினோ இருந்தா, இன்னிக்கே ரெண்டு பொட்டலம் குளுக்கோஸ் வாங்கி, ஆளுக்கொண்ணா அவங்க பையில வச்சிடுங்க.