தியேட்டர் சிஸ்டரிடம் இருக்க வேண்டிய தாள்

மூத்த டாக்டரிடம் போய், "உங்க சர்டிபிகேட் வேணும் சார், யுனிவர்சிட்டிக்கு எழுதிச் சரிபார்க்கணும்" என்று கேட்க எனக்கு நெடுநாள் கூச்சமாகவே இருந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றின் தரப் பிரிவில் என் வேலையே அதுதான். மருத்துவமனைகளின் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கு ஒவ்வொரு மருத்துவருக்கும் கோப்பு வேண்டும்: பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு, முன்பு வேலை பார்த்த இடங்கள். கொடுத்த நகலோடு நிற்காமல், வழங்கிய இடத்திலேயே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இது கிரெடன்ஷியலிங்.

அடுத்தது பிரிவிலேஜிங். இங்கே இவர் எந்தெந்தச் சிகிச்சையைத் தனியாகச் செய்யலாம், எதை மேற்பார்வையில் மட்டும் செய்யலாம் என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவுசெய்யும். எம்.எஸ். பட்டம், ஒருவர் அறுவை சிகிச்சை படித்துத் தேறியதைச் சொல்லும். லேப்ராஸ்கோப்பியில் கை பழகியிருக்கிறதா, கடைசியாக எப்போது செய்தார் என்பதைச் சொல்லாது.

என் அம்மாவுக்கே வைத்தியம் பார்த்த சர்ஜன் ஒருவரிடம் ஆபரேஷன்களைப் பட்டியலிட்ட பிரிவிலேஜிங் படிவத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். நிதானமாகப் படித்தவர், இரண்டு ஆபரேஷன்களை அடித்துவிட்டார். "இதெல்லாம் செஞ்சு வருஷக்கணக்காச்சு தம்பி. ராத்திரி அவசரமா கேஸ் வந்தா என்னைக் கூப்பிடக் கூடாது. இதுல ஒரு காப்பி தியேட்டர் சிஸ்டர்கிட்ட இருக்கட்டும்" என்றார். அவர் மீது எனக்கிருந்த மரியாதை அன்று இன்னும் கூடியது. கேட்பது அவமதிப்பு என்ற எண்ணமும் அன்றோடு போயிற்று.

பிறகு ஒரு பயிற்சியில் டார்லிங் வழக்கைப் படித்தேன். 1960-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், விளையாட்டில் கால் முறிந்த டார்லிங் என்ற கல்லூரி மாணவருக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். சற்று நேரத்திலேயே விரல்கள் வீங்கிக் கறுத்தன, வலி தாங்கவில்லை. எலும்பு நிபுணரை யாரும் அழைக்கவில்லை. கடைசியில் வேறொரு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. தவறு டாக்டரோடு முடியவில்லை, மருத்துவமனைக்கும் பொறுப்பு உண்டு என்று 1965-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பையனின் வலியை நினைத்தால் எங்கள் சர்ஜன் போட்ட கோடுகளின் மதிப்பு புரிகிறது.

இப்போது யாரிடமும் தயங்காமல் கேட்கிறேன். என் கவலை, என்.ஏ.பி.எச். அங்கீகாரம் கேட்காத சிறு நர்சிங் ஹோம்களைப் பற்றியது. வெளியிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் டாக்டருக்கு அங்கேயும் ஒரு பட்டியல் வேண்டும். அதில் இல்லாத ஆபரேஷனுக்குத் தியேட்டர் கேட்டால், "முடியாது சார்" என்று சொல்ல ஒரு சிஸ்டருக்கு வேறு என்ன துணை இருக்கிறது?