எம்டன் வண்டி

போன பதிவுல தென்னை வெள்ளை ஈ பத்தி எழுதினதுக்கு நிறையப் பேரு சந்தேகம் கேட்டிருந்தீங்க. அதுக்குத் தனியா எழுதறேன். இந்த வாரம் பண்ணையம் இல்லை, ஒரு காரு. மண்ணரையில மூணு பக்கமும் பனியன் கம்பெனி நிக்கிற தோட்டத்துக்காரனுக்குக் காரைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க. அந்தக் காரு நிக்கறதே எங்க கட்டுத்தரைக்குப் பக்கத்துலதான், மாட்டுக்கும் வைக்கோல் போருக்கும் நடுவால.

வெள்ளை அம்பாசிடர். 1994 மாடல். எங்க மச்சான் 2001ல பழசா வாங்கினது. பாத்தா தாசில்தார் ஆபீஸ் வாசல்ல நின்ன வண்டி மாதிரியே இருக்கும். அதே உருண்டை முகப்பு விளக்கு, அதே தொப்பை. ஆனா டிக்கியில சின்னதா ஒரு எழுத்து இருக்கு: 1800 ஐ.எஸ்.இசட். அதை யாரும் படிக்க மாட்டாங்க. படிச்சாலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

சொல்றேன். இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனிக்காரங்க அம்பாசிடருக்கு ரொம்ப வருஷமா 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் போட்டுட்டு இருந்தாங்க. ஏறக்குறைய 50 குதிரைத்திறன், நாலு கியரு. 1992ல ஜப்பான் இசுசு கம்பெனியோட 1.8 லிட்டர் எஞ்சினையும் அஞ்சு கியர் பெட்டியையும் அதே உடம்புக்குள்ள வெச்சாங்க. ஸ்டியரிங் பக்கத்துல இருந்த கியர்க்கம்பி தரைக்கு இறங்குச்சு. ஏறக்குறைய 75 குதிரைத்திறன். அந்தக் காலத்துல ரோட்டுல ஓடின முக்கால்வாசி காருக்கு அவ்வளவு கிடையாது. வெளியே ஒரு தகடுகூட மாத்தலை. தாத்தா வேட்டிக்குள்ள பேரனோட காலு!

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் நம்ம தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு. சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்காரங்க 1985ல ஸ்டாண்டர்டு 2000னு ஒரு காரு விட்டாங்க. இங்கிலாந்து ரோவர் காரோட உடம்பு, பாக்கறதுக்கு சினிமாவுல வர்ற மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின் வம்சம். விலையும் சாஸ்தி, பெட்ரோலும் சாஸ்தி குடிச்சுது, வேகமும் வரலை. சில வருஷத்துல கடை கட்டிட்டாங்க. சந்தையில கொம்பு சீவி, எண்ணெய் பூசி நிறுத்தின மாட்டை வாங்கி வந்து ஏருல பூட்டின மாதிரிதான்.

வெளியே சாதுவா, உள்ளே வேறயா இருக்கற காருக்கு இங்கிலீஷ்காரங்க 'ஸ்லீப்பர்'னு பேரு வெச்சிருக்காங்க, தூங்கறவன்னு அர்த்தம். நம்ம கிட்ட அதைவிட நல்ல வார்த்தை நூறு வருஷத்துக்கு மேலா இருக்கு: எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுட்டுப் போச்சே, அந்த ஜெர்மன் கப்பல். அதுக்கு நெசமா மூணு புகைபோக்கி. இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரித் தெரியட்டும்னு பொய்யா நாலாவது ஒண்ணை நட்டுக்கும். அந்த வேசத்துலயே அக்டோபர் 28 பினாங்கு துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சு ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடிச்சுது. அன்னைல இருந்து நம்ம ஊர்ல காரியக்காரனைப் பாத்தா "ஆளு சரியான எம்டன்"ம்பாங்க. அதனால எங்க வீட்டுல இந்தக் காருக்குப் பேரு எம்டன் வண்டி.

அமெரிக்காவுல இந்த எம்டன் வண்டிங்களுக்குன்னே பந்தயம் நடத்தறாங்க. டிராக் ரேஸ்னா வளைவு கிடையாது, நேர் ரோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும், விளக்கு பச்சையானதும் கிளம்பணும். அதுல 'ஃபேஸ்ட்'னு ஒரு பிரிவு இருக்கு. 1960, 70கள்ல வந்த காருங்க. தொழிற்சாலையில இருந்து வந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே தெரியணும். பானெட்டைத் திறந்தா எஞ்சின் மேல இருக்கற காத்து வடிகட்டி, புகைக்குழாய் எல்லாம் அந்தக் காலத்து அச்சாவே இருக்கணும். எஞ்சினுக்கு உள்ளே என்ன வேணாப் பண்ணிக்கலாம். முக்கியமா டயரு, அந்த வருஷத்து அளவு, அந்தக் காலத்து ஒல்லி டயருதான். அதுலயே 10, 11 விநாடியில 402 மீட்டரைத் தாண்டறாங்க.

இதுல ஒரு விசயம் இருக்கு பாருங்க. எஞ்சினை எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கலாம், ஆனா அந்தப் பலமெல்லாம் ரோட்டுக்கு இறங்கறது நாலு விரக்கடை ரப்பர் வழியாத்தான். அதிகமா அழுத்தினா சக்கரம் அதே இடத்துல சுத்தும். ஈரக் காட்டுல டிராக்டர் புதைஞ்சு நிக்கற மாதிரி. அப்ப ஜெயிக்கறது பலம் இல்லை, காலோட நிதானம்.

அந்த ஊர்ல இந்த வேசம் எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை இருக்குங்க. 1920ல இருந்து 1933 வரைக்கும் அங்க மதுவிலக்கு. மலைக்காட்டுல காய்ச்சின சாராயத்தை ராத்திரியில டவுனுக்குக் கொண்டு போறவங்க பழைய ஃபோர்டு காரைத்தான் எடுப்பாங்க. மதுவிலக்கு போன பின்னாலயும் வரி கட்டாத சாராயத்துக்கு அதேதான். வெளியே சாதா குடும்பக் காரு. உள்ளே எஞ்சினைத் தூக்கி வெச்சிருப்பாங்க. பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாப் போட்டுக்குவாங்க, சரக்கு ஏத்தினா வண்டி பின்னால தாழ்ந்து போலீசுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு. அந்த ஓட்டுக்காரங்கள்ல சில பேருதான் பின்னால மைதானத்துல பந்தயம் ஓட்டினாங்க.

சரி, எங்க வண்டிக்கு வர்றேன். 2009ல மச்சான் போயிட்டாரு. நைட் ஷிப்ட் முடிஞ்சு மொபெட்டுல வந்துட்டு இருந்தாரு. ரோட்டுல பந்தயம் விட்டுட்டு வந்த பசங்க பைக்கு ஒண்ணு அடிச்சிருச்சு. அந்தப் பையனும் பொழைக்கலை. அதுக்கு மேல எழுத எனக்கு வரலைங்க. அக்கா அப்புறம் அந்தக் காரை விக்கலை. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்.சி.யைப் புதுப்பிச்சு வெச்சிருக்குது. ஓட்டறதுக்கு இல்லை, சும்மா நிக்கறதுக்கு.

அக்கா பையன் இப்ப நிட்டிங் மெஷின் ரிப்பேருக்குப் போறான். கையில தொழில் இருக்கு. போன வருசம் "மாமா, அப்பா காரை நான் எடுத்துக்கறேனுங்க"ன்னான். ஆறு மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுங்கூடவே கெடந்தான். அவன் என்ன செஞ்சான்னு கேட்டா உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். எஞ்சினை மாத்தலை. மாத்தறதுன்னா ஆர்.டி.ஓ. கிட்ட அனுமதி வாங்கணும், ஆர்.சி.யில ஏத்தணும். இவன் அதே எஞ்சினைத் திறந்து கரி சுரண்டினான். வால்வு உட்கார வெச்சான். கார்புரேட்டரைக் கழுவினான். நாலு சக்கரத்துலயும் பிரேக் லேசாப் பிடிச்சுட்டே இருந்துச்சு, அதை விடுவிச்சான். பேரிங்குக்குப் புது கிரீஸ். டயருக்குச் சரியான காத்து. பெயிண்டைத் தொடவே இல்லை. கதவுல அக்கா ஒருக்கா குடத்தை இடிச்ச நெளிசல்கூட அப்படியே இருக்கு.

"என்ன மாப்ள, புதுசா ஒண்ணுமே சேக்கலையே?"ன்னு கேட்டேன்.

"சேக்கறதுக்கு முன்னால தடையா இருக்கறதை எடுக்கணுமுங்க மாமா. கம்பெனிக்காரன் குடுத்த 75ல பாதி வழியிலேயே போயிட்டு இருந்துச்சு"ன்னான்.

வாய்க்கால்ல புல்லு வெட்டாம மோட்டாரைப் பெருசாக்கற ஆளுங்களுக்கு இதைச் சொல்லோணும்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் விசயம் வந்துச்சு. அவன் கூட்டாளி ஒருத்தன் புது டீசல் காரு வாங்கியிருக்கான். "உங்க தாத்தா வண்டி நவுருமாடா?"ன்னு கேட்டிருக்கான். ராத்திரி 12 மணிக்கு மேல பைபாஸ்ல வெச்சுக்கலாம்னு பேச்சு. மெதுவா எங்கிட்ட வந்து சொன்னான்.

நான் சத்தம் போடலை. மூணு விசயம் சொன்னேன். ஒண்ணு, பொது ரோட்டுல பந்தயம் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு, ஜெயிலே உண்டு. ரெண்டு, திருப்பூருல ராத்திரி 12 மணிக்கு ரோடு காலியா இருக்காது. ஷிப்ட் முடிஞ்சு புள்ளைங்களை ஏத்தீட்டு வர்ற வேனு, டீ குடிச்சுட்டு வர்ற ஆளுங்க, மொபெட்டு. "மொபெட்டு"ங்கற வார்த்தையில அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். மூணாவது, "எம்டன் வண்டி வெச்சிருக்கறவனுக்கு எதுக்குடா வேடிக்கை பாக்க ஆளு? யாருக்கும் தெரியாம இருக்கறதுதான அதோட ருசி"ன்னேன்.

வேகமே வேண்டாம்னு நான் சொல்லலைங்க. வேகத்துக்கு இடம் ஒதுக்கத் தெரிஞ்ச ஊரு நம்முது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பாத்திருப்பீங்க. 200 மீட்டர், 300 மீட்டர், நேர் ஓட்டம். ஒவ்வொரு வண்டியா விட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணுவாங்க. ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டி, ரோட்டை அடைச்சு, ஆளை ஒதுக்கித்தான் மாட்டை விடுவாங்க. 2014ல உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017ல சட்டம் திருத்தி, 2023ல அந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்து, இன்னைக்கு அனுமதி வாங்கி நடக்குது. காருக்காரங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. சோழவரத்துல உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில பந்தயம் நடந்துச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டைக்குப் போச்சு. நம்ம கோயமுத்தூரு கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒத்தை ஆளு உட்கார்ற பந்தயக் காரே செஞ்சு காட்டினாரு. 1995ல சின்ன விமானம் விழுந்து அவரு போயிட்டாரு. செட்டிபாளையத்துல இருக்கற பந்தயப் பாதைக்கு அவரு பேருதான். நம்ம வீட்டுல இருந்து போயிட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பிரலாம்.

இன்னொண்ணு கவனிச்சேன். டிராக் ரேஸ்ல இடம் பத்தலைன்னா கால் மைலைப் பாதியாக்கி 201 மீட்டர் ஓட்டுவாங்களாம். நம்ம ரேக்ளாவும் 200. ஒரு மீட்டர்தான் வித்தியாசம்!

தெரிஞ்சவரு ஒருத்தரு சைட் போட்டு, தார் ரோடு போட்டு, இன்னும் ஒரு வீடும் வராம இருக்கற இடம். அவருகிட்டயே அனுமதி கேட்டோம். ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணி. 200 மீட்டரை டேப் வெச்சு அளந்தோம். அதுக்கப்புறம் நிறுத்தறதுக்கு இன்னொரு 250 மீட்டர் விட்டோம், அம்பாசிடருக்கு நாலு பக்கமும் டிரம் பிரேக்குதான். ஹெல்மெட் போடணும்னு சொன்னேன், ரெண்டு பேரும் சிரிச்சாங்க, ஆனா போட்டாங்க. உள்ளே வர்ற வழியில கயிறு கட்டினோம். அந்தக் கயித்தைப் பிடிச்சுட்டு நின்னது எங்க அக்கா. வரமாட்டேன்னுதான் சொல்லுச்சு. அப்புறம் பிளாஸ்க்குல டீ எடுத்துட்டு வந்துருச்சு.

முதல் ஓட்டம். மாப்ள கிளட்சைச் சட்டுன்னு விட்டான். பின்னால பட்டை ஸ்பிரிங்கு முறுக்கிக்கிட்டு, அச்சு தடதடன்னு குதிச்சுது. டீசல் காரு எப்பவோ போயிருச்சு. ரெண்டாவது, கொஞ்சம் பதமா விட்டான். அரை வண்டி நீளத்துல தோத்தான். "டிக்கியில ஒரு புண்ணாக்கு மூட்டை போட்டா பிடிப்பு வருமா?"ன்னு கேட்டேன். "75 குதிரைக்குத் தேவையில்லீங் மாமா, பாரம்தான் கூடும்"ன்னான். மூணாவது ஓட்டம், எஞ்சினைக் கத்த விடாம, கன்னுக்குட்டியை அவுத்து விடற மாதிரி கிளட்சை விட்டான். ரெண்டாவது கியர்ல அந்த வெள்ளைத் தொப்பை முன்னால வந்துச்சு. போன்ல பாத்த நேரம் 13 விநாடிக்குக் கொஞ்சம் கீழே. ஒரு பானெட் நீளத்துல ஜெயிச்சான்.

அமெரிக்காக்காரன் அந்த நேரத்துல இதைப் போல ரெண்டு மடங்கு தூரத்தைத் தாண்டி, நிறுத்தித் திரும்பவே ஆரம்பிச்சிருப்பான். அது வேற கணக்கு. டீசல் காருக்காரப் பையன் இறங்கி வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னான். பத்து நிமிசம் உத்து உத்துப் பாத்தான். புதுசா எதுவுமே கண்ணுல படலை. "என்னடா பண்ணி வெச்சிருக்கே?"ன்னு கேட்டான். மாப்ள பதில் சொல்லலை. ஊமைக்குசும்பன்.

அக்கா கயித்தை அவுத்துச் சுருட்டி எங்கிட்டக் குடுத்துச்சு. "ஜெயிச்சது யாரு?"ன்னுகூடக் கேக்கலை. போயி முன் சீட்டுல உட்கார்ந்து கதவைச் சாத்துச்சு. பதினாலு பதினஞ்சு வருசத்துல அது அந்தக் காருல ஏறினது அன்னைக்குத்தானுங்க. "வீட்டுக்கு மெதுவாப் போ கண்ணு"ன்னுச்சு. அவனும் மெதுவாத்தான் ஓட்டீட்டுப் போனான். பின்னாலயே என் பைக்கு. வழியில ஒரு மொபெட்டுக்காரரு எங்க ரெண்டு பேரையும் தாண்டிப் போனாரு.

உங்க ஊரு வீட்டுல, அப்பாரோ பெரியப்பாவோ விட்டுட்டுப் போன அம்பாசிடர், பியட் இருந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னால டிக்கி எழுத்தையும் ஆர்.சி.யையும் ஒருக்கா படிச்சுப் பாருங்க. பிரேக்கு பிடிச்சு ஓடுதான்னு பாருங்க. ஓட்டிப் பாக்கணும்னு ஆசை வந்தா செட்டிபாளையம் இருக்கு, இருங்காட்டுக்கோட்டை இருக்கு. ரோடு மத்தவங்களுக்கு.

த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சுங்க, தென்னைக்குத் தண்ணி விடப் போறேன். அடுத்த வாரம் வெள்ளை ஈ.